விண்டோஸ் 11-க்கு மாறினதுலேருந்து நெட் கட் ஆகுதா? லேப்டாப் வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் முடிச்சுக்கிட்டது. ஆறு நாள் கழிச்சு தீபாவளி. அதனால லேப்டாப், ரௌட்டர் எல்லாத்துக்கும் எங்க பார்த்தாலும் ஆஃபர். கிட்டத்தட்ட அதே சமயத்துல வடகிழக்குப் பருவமழையும் ஆரம்பம். இந்த மூணும் ஒண்ணா வந்ததுல, மாசச் சம்பளக்காரங்க சில பேரோட பணம் தேவையே இல்லாத இடத்துக்குப் போயிருக்கு. "சார், விண்டோஸ் 11-க்கு மாறினதுலேருந்து வீட்டுல நெட் அடிக்கடி கட் ஆகுது. புது லேப்டாப் இஎம்ஐ-ல எடுக்கலாமா?" இந்தக் கேள்வி என்கிட்ட வர்றது இன்னும் நிக்கலை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில் இல்லை. ஆனா கணக்குல வித்தியாசம் வந்தா அது எந்த என்ட்ரியில வந்ததுன்னு தேடிப் பிடிக்கிறதுதான் என் தொழில். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னு யாரும் புது லெட்ஜர் வாங்க மாட்டாங்க. நெட் விஷயத்துல மட்டும் நாம அதைத்தான் செய்யறோம். இணைப்பு எந்த இடத்துல அறுபடுதுன்னு தெரியாத வரைக்கும் ஒரு ரூபாய்கூட செலவு பண்ணக் கூடாதுன்னு நான் சொல்றேன். ரௌட்டருக்கும் சரி, பெரிய பிளானுக்கும் சரி, லேப்டாப்புக்கும் சரி.

குத்தாலத்துலேருந்து ஒரு தம்பி பேசினார். அருவி இருக்கிற குற்றாலம் இல்லை; மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்கிற காவிரிக்கரை குத்தாலம். சென்னையில ஒரு சின்ன கம்பெனியில வேலை, மாசத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் போனா போதும், மத்த நாள் வீட்டுலேருந்து. லேப்டாப் அவரோட சொந்த லேப்டாப். தீபாவளி லீவுல விண்டோஸ் 11 போட்டிருக்கார். அடுத்த வாரத்துலேருந்து ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை மீட்டிங் நடுவுல காணாமப் போயிடறார். மூணாவது வாரம் மேனேஜர்கிட்டேருந்து மெயில்: இப்படியே போனா அடுத்த மாசத்துலேருந்து சென்னைக்கே வந்துடுங்க.

அவருக்கு இது வெறும் வைஃபை பிரச்னை இல்லை. சென்னையில ரூம் 8,000, சாப்பாடு 5,000, போக்குவரத்தும் ஊருக்கு வர்ற செலவும் சேர்த்து 2,000. மாசம் 15,000, வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். அவர் போடுற எஸ்ஐபி மாசம் 10,000. சென்னைக்குப் போனா முதல்ல நிக்கப் போறது அந்த எஸ்ஐபிதான்.

மூணு பேர்கிட்ட யோசனை கேட்டிருக்கார். லைன் பார்க்க வந்தவர், லைன் நல்லா இருக்கு, ரௌட்டரை மாத்துங்கன்னார்: 3,500. லேப்டாப் கடையில, இது 2019 மாடல், வைஃபை கார்டு பழசு, புதுசு எடுத்துடுங்கன்னாங்க: 55,000. நண்பர் ஒருத்தர், 100 எம்பிபிஎஸ் போதாது, 300-க்கு மாறுன்னார்: மாசம் 400 கூடுதல், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. மூணு பேரும் பொய் சொல்லலை. ஆளுக்கு ஆள் தனக்குத் தெரிஞ்ச மருந்தைச் சொன்னாங்க, அவ்வளவுதான். பயிர் மஞ்சளிச்சதும் மூட்டை யூரியா வாங்க ஓடுறவரும் உண்டு, வயல்ல தண்ணி தேங்கி நிக்குதான்னு வரப்புல நின்னு பார்க்கிறவரும் உண்டு. டெல்டாக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த 300 எம்பிபிஎஸ் யோசனையை முதல்லயே தள்ளிடலாம். ஒரு வீடியோ மீட்டிங்குக்குத் தேவை சில எம்பிபிஎஸ் மட்டும்தான். வேகம் குறையறது வேற, இணைப்பு அறுபடறது வேற. குழாய் எவ்வளவு பெருசா இருந்தாலும் நடுவுல விரிசல் இருந்தா தண்ணி ஒழுகத்தான் செய்யும்.

அஞ்சு நாள் நோட்டு

அவரை நான் செய்யச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அஞ்சு வேலை நாளைக்கு, நெட் போற ஒவ்வொரு தடவையும் நோட்டுல ஒரு வரி: மணி என்ன, அந்த நிமிஷம் அதே வைஃபையில இருக்கிற போன்ல நெட் இருந்ததா, ரௌட்டர் விளக்குகள் எப்படி இருந்தது, கரண்ட் போய் வந்ததா, லேப்டாப் சும்மா கிடந்து அப்புறம் எடுத்ததா.

கூடவே கமாண்ட் ப்ராம்ப்ட்ல ரெண்டு ஜன்னல். ரெண்டுலயும் பிங் ஓடணும், நிக்காம ஓடறதுக்குக் கடைசியில மைனஸ் குறி போட்டு டி எழுத்து சேர்க்கணும். ஒண்ணு ரௌட்டரோட முகவரிக்கு (பல வீடுகள்ல 192.168.1.1, உங்க ரௌட்டருக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல பாருங்க). இன்னொண்ணு வெளியில இருக்கிற கூகுளோட 8.8.8.8-க்கு. நெட் போற நேரத்துல ரௌட்டருக்கே பதில் வரலை, ஆனா போன்ல நெட் ஓடுதுன்னா தப்பு லேப்டாப்புக்கும் ரௌட்டருக்கும் நடுவுல. ரௌட்டர் பதில் சொல்லுது, 8.8.8.8 சொல்லலைன்னா லைன்ல. ரெண்டும் பதில் சொல்லுது, ஆபீஸ் சாஃப்ட்வேர் மட்டும் தொங்குதுன்னா அது ஆபீஸ் விபிஎன் பக்கத்துப் பிரச்னை. அதுக்கு நீங்க வீட்டுல எதை மாத்தினாலும் தீராது. ஃபைபர் பெட்டியில லாஸ்னு போட்ட விளக்கு சிவப்பா எரிஞ்சா கேபிள்ல வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். விண்டோஸுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை, நேரா கம்ப்ளெயின்ட் போடுங்க.

தம்பியோட நோட்டுல அஞ்சு நாள்ல 23 தடவை. அதுல 17 தடவை லேப்டாப்புல மட்டும், போன்ல நெட் ஓடிக்கிட்டிருந்தது. மிச்சம் 6 தடவை வீட்டுல எல்லாத்துலயும். அந்த ஆறும் கரண்ட் போன நிமிஷம், இல்லேன்னா வந்த நிமிஷம். ரெண்டு வேற வேற வியாதி ஒரே நேரத்துல வந்து ஒரே வியாதி மாதிரி தெரிஞ்சிருக்கு. புது லேப்டாப் வாங்கியிருந்தா அந்த ஆறு நின்னிருக்காது. புது ரௌட்டர் வாங்கியிருந்தா அந்தப் பதினேழு நின்னிருக்காது.

விண்டோஸ் மேல தப்பே இல்லையா?

இருக்கு, இதுக்கு முன்னாடியும் இருந்திருக்கு. 2020 பிப்ரவரி 27-ல வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டுக்கு அப்புறம், விபிஎன் அல்லது ப்ராக்ஸி வழியா வேலை செய்யற கம்ப்யூட்டர்கள்ல இணைப்பு நிலை தப்பா காட்டி, சில ஆபீஸ் சாஃப்ட்வேர்களால நெட்டையே தொட முடியாமப் போச்சு. மார்ச் 25-லேருந்து இந்தியா முழுக்க ஊரடங்கு, எல்லாரும் வீட்டுலேருந்து விபிஎன்ல. சரியா அந்த நேரம். மார்ச் 30-ம் தேதி வழக்கமான அட்டவணைக்கு வெளியில தனியா ஒரு அப்டேட் விட்டுத்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரி பண்ணுச்சு. 2023 டிசம்பர் அப்டேட்டுக்கு அப்புறம் விண்டோஸ் 11-ல சில வைஃபை அடாப்டர்கள், முக்கியமா பல்கலைக்கழகம், அலுவலகம் மாதிரியான நெட்வொர்க்குகள்ல ஒட்டாமப் போனதும், அந்த மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் திரும்ப எடுத்துக்கிட்டதும் நடந்தது. அந்த ரெண்டு தடவையும் புது ரௌட்டர் வாங்கினவங்களுக்கு ரௌட்டர்தான் மிச்சம்.

ஆனா வீட்டுல நடக்கிறது பெரும்பாலும் இவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஓஎஸ் மாறும்போது வைஃபை டிரைவரும் மாறும். லேப்டாப் கம்பெனி தன் மாடலுக்குன்னு கொடுத்த டிரைவர் போய், விண்டோஸ் அப்டேட் தர்ற பொதுவான ஒண்ணு உட்காரலாம். டிரைவர் மாறினா நீங்க முன்னாடி பண்ணி வெச்ச செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிடும். அதுல ரொம்பத் தொல்லை தர்றது பேட்டரி மிச்சம் பிடிக்கிற செட்டிங். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா வைஃபை கார்டையே தூங்க வெச்சுடும், சில கார்டுகள் எழுந்திருக்க அடம் பிடிக்கும். டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதுல உங்க வைஃபை கார்டு, ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்த டிவைஸை அணைக்கலாம்னு அனுமதி கேட்கிற டிக்கை எடுத்துடுங்க. (சில புது லேப்டாப்புகள்ல அந்தப் பக்கமே இருக்காது. நீங்க தப்பா தேடலை.) அப்புறம் லேப்டாப் கம்பெனி தளத்துல உங்க மாடல் நம்பர் போட்டு விண்டோஸ் 11-க்கான வைஃபை டிரைவரை இறக்கிப் போடுங்க. மூணாம் ஆள் நடத்துற டிரைவர் அப்டேட்டர் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், காசு கேட்கிறதும் வேண்டாம், இலவசம்னு சொல்றது இன்னும் வேண்டாம்.

தம்பிக்கு அந்தப் பதினேழுல பெரும்பகுதி, டீ குடிச்சுட்டு வந்து உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள்ள வந்தது. டிக்கை எடுத்து, டிரைவரை மாத்தினதும் ஒரு வாரத்துல ரெண்டே தடவை. செலவு பூஜ்யம்.

அந்த ரெண்டுக்கும் காரணம் வீடு. டெல்டா பக்கத்துப் பழைய வீடுகள் தெரியுமில்லையா, திண்ணை, ரேழி, முற்றம், அப்புறம் ரெண்டாம் கட்டுன்னு நீளமா ஓடும், சுவர் நல்ல கனம். ஃபைபர் கேபிள் வாசல் வழியா வர்றதால ரௌட்டர் ரேழியில, அமைதியா இருக்கும்னு மேஜை ரெண்டாம் கட்டுல. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனா கனமான சுவரை 2.4 அளவுக்குத் தாண்டாது. முன்னாடி லேப்டாப் 2.4-ல ஒட்டிக்கிட்டிருந்திருக்கு, புது டிரைவர் வந்ததும் 5-ஐத் தேடிப் போய் பாதி வழியில விட்டிருக்கு. ரௌட்டர்ல ரெண்டு அலைக்கும் வேற வேற பேர் வெச்சு, தூரத்து அறைக்கு 2.4-ஐ மட்டும் கொடுத்தா முடிஞ்சது. இல்லேன்னா ரேழியிலேருந்து ஒரு லான் கேபிள் இழுங்க. நிரந்தரமா வீட்டுலேருந்து வேலை பார்க்கிறவங்க வாங்கக்கூடிய பொருள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச முதலீடு அதுதான், சில நூறு ரூபாய். லேப்டாப்புல அந்த ஓட்டை இல்லேன்னா ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் சேர்த்துக்கணும்.

இன்னொரு சத்தமில்லாத திருடன் ஒன்டிரைவ். விண்டோஸ் 11 நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சா, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை உங்களை சரியா கேட்காமலே மேல ஏத்த ஆரம்பிக்கலாம். அப்லோடு முழுக்க அது தின்னுட்டா மீட்டிங்ல உங்க குரல் அறுந்து அறுந்து போகும், நெட் கட் ஆன மாதிரியே இருக்கும். இலவசம் 5 ஜிபி மட்டும்தான், நிரம்பினதும் காசு கேட்கும். அதுல உங்க பான், ஃபார்ம் 16 எல்லாம் கிடக்கலாம். அது மேல போகணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க.

அந்த ஆறு தடவை

ஐப்பசி அடைமழைன்னு சும்மாவா சொன்னாங்க. கரண்ட் போகும், இன்வெர்ட்டர் எடுத்துக்கும், திரும்பி வரும். அந்த மாறுற கண்சிமிட்டும் நேரம் ஃபேனுக்குத் தெரியாது, ரௌட்டருக்குத் தெரியும். அது அணைஞ்சு திரும்ப எழுந்து, ஃபைபர் பெட்டியும் எழுந்து, லைன் பிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கேன்னு பலர் இதை சந்தேகப்படவே மாட்டாங்க. ரௌட்டருக்குன்னே சின்ன மினி யூபிஎஸ் கிடைக்குது. தம்பி வாங்கினது 1,600 ரூபாய். ஃபைபர் பெட்டி தனியா இருந்தா ரெண்டுக்கும் சேர்த்து வோல்டேஜ், ஆம்பியர் பார்த்து வாங்கணும். இது நான் சம்மதிச்ச ஒரே செலவு, ஏன்னா எந்த ஆறு வரிக்காக அந்தக் காசுன்னு நோட்டுலயே இருந்தது.

எந்தக் காரணமும் பிடிபடலேன்னா, போன் ஹாட்ஸ்பாட்டுல ஒரு முழு நாள் வேலை பாருங்க. அதுலயும் கட் ஆனா லேப்டாப்புல ஏதோ இருக்கு. நெட்வொர்க் ரீசெட் பட்டன் கடைசி மருந்து. சேமிச்ச வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போயிடும், விபிஎன்னையும் திரும்ப அமைக்க வேண்டி வரும். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்னா இதுல எதையும் தொடாதீங்க, ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க.

இந்தப் பதற்றத்துல நடக்கிற பெரிய பண இழப்பு வேற இடத்துல இருக்கு. நெட் போச்சுன்னு போன்ல கஸ்டமர் கேர் நம்பர்னு தேடி, முதல்ல வந்த நம்பருக்குக் கூப்பிட்டு, அவங்க சொன்ன ரிமோட் ஆப்பைப் போட்டு, பத்து ரூபாய் கட்டுங்கன்னதும் நெட்பேங்கிங்கைத் திறக்கிறது. உங்க பில்லுல அச்சடிச்ச நம்பரைத் தவிர வேற எதுக்கும் கூப்பிடாதீங்க. பணம் போயிட்டா யோசிக்காம உடனே 1930.

லேப்டாப் வாங்கித்தான் ஆகணும்னா

சில பேருக்கு உண்மையிலேயே வேணும். இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறைக்கு முந்தின ப்ராசசருக்கு விண்டோஸ் 11 முறையா கிடையாது. பாதுகாப்பு அப்டேட் நின்னுபோன கம்ப்யூட்டர்ல டிமேட், நெட்பேங்கிங், வருமான வரி தாக்கல் எல்லாம் பண்ண வேண்டாம்னுதான் நானும் சொல்வேன். ஆனா அவங்களுக்கும் கொஞ்சம் அவகாசம் இருக்கு. தனிநபர்களுக்கான நீட்டிப்பு அப்டேட் திட்டத்துல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு உண்டு. 30 டாலர் கட்டலாம். விண்டோஸ் பேக்கப் வழியா செட்டிங்குகளை சிங்க் பண்ணா காசில்லாமலும் சேரலாம். அதுக்குள்ள பணம் சேர்த்து வாங்கலாமே, தீபாவளி ஆஃபருக்காக ஓட வேண்டியதில்லை.

ஏன்னா அந்த ஆஃபர்ல நோ காஸ்ட் இஎம்ஐ-ன்னு ஒண்ணு இருக்கு. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாது, வட்டியை வேற இடத்துல ஒளிச்சு வெக்கறாங்கன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளைக் கண்டிச்சது. 55,000 ரூபாய் லேப்டாப், 9 மாசம், 15% வட்டின்னு வைங்க. வட்டி சுமார் 3,290, அதைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சுடுவார். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, சுமார் 590 ரூபாய், உங்க தலையில. ப்ராசசிங் ஃபீஸும் அதுக்கு ஜிஎஸ்டியும் தனி. பெரிய தொகை இல்லைதான். ஆனா நோ காஸ்ட்னு பேர் வெச்சாங்களே, அது எனக்கு ஜீரணமாகலை.

அதைவிட முக்கியமானது, அந்த லேப்டாப்பை யார் வாங்கணும்ங்கிறது. சம்பளக்காரர் ஆபீஸ் வேலைக்காக லேப்டாப் வாங்கினாலும் அதை வருமானத்துல கழிக்க முடியாது. புது வரி முறையில 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், பழசுல 50,000. நீங்க லேப்டாப் வாங்கினாலும் அதேதான், வாங்காட்டியும் அதேதான். கம்பெனி வாங்கினா கதை வேற. ஜிஎஸ்டி கட்டுற கம்பெனின்னா அந்த 55,000-ல இருக்கிற 8,390 ரூபாய் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம். மிச்சம் 46,610-க்கு வருஷம் 40% தேய்மானம் கழிக்கலாம். அதை உங்ககிட்ட வேலைக்குக் கொடுத்தா, உங்க கையில வரி விதிக்கிற சலுகையாவும் அது சேராது. ஆக, ஒரே பொருள் உங்களுக்கு 55,000, கம்பெனிக்கு அதைவிட நல்லாவே குறைவு. சொந்த லேப்டாப்ல வேலை வாங்கிக்கிட்டு, நெட் கட் ஆனா சென்னைக்கு வான்னு சொல்ற கம்பெனிகிட்ட இதைக் கேட்கிறதுல தப்பே இல்லை. கேட்கிறதுக்குக் கூச்சப்படறவங்கதான் அதிகம். இன்டர்நெட் பில்லும் அப்படித்தான், எச்ஆர் பாலிசியில ரீஇம்பர்ஸ்மென்ட் இருக்கான்னு பார்க்காமலே கட்டிக்கிட்டிருப்பாங்க.

இன்னும் விண்டோஸ் 11-க்கு மாறாதவங்க ஒரு தேதியைக் குறிச்சு வைங்க. மாறின நாள்லேருந்து 10 நாள் வரைக்கும் செட்டிங்ஸ்ல சிஸ்டம், ரிக்கவரி பக்கம் போய் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். இன்சூரன்ஸ் பாலிசியில ஃப்ரீ லுக் மாதிரின்னு வெச்சுக்கங்க. 10 நாள் தாண்டினா அந்த வழி போயிடும். அதனால மாச முடிவு வேலை நெருக்கடியில மாறாதீங்க, லீவுல மாறிட்டு பத்து நாள் ஊருக்கும் போயிடாதீங்க. மாறினதுலேருந்து முதல் வாரம் நோட்டு எழுதுங்க, பிரச்னை இருந்தாலும் இல்லேன்னாலும்.

தம்பி மேனேஜருக்கு எழுதின பதிலை நான்தான் பார்த்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தார், அதை எடுக்கச் சொன்னேன். பதிலா நாலு வரி: எந்தத் தேதியிலேருந்து எத்தனை தடவை, என்ன காரணம், என்ன மாத்தினேன், மாத்தினதுக்கு அப்புறம் ஒரு வாரத்துல எத்தனை. நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து இணைச்சார். சென்னைக்கு வரச் சொன்ன பேச்சு இப்போதைக்கு நின்னிருக்கு, மார்ச்ல திரும்பப் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்களாம். லேப்டாப் கேட்கிற மெயிலை அப்போ அனுப்பலாம்னு வெச்சிருக்கார்.